ஆளில்லாத கை

கழுத்து வளையும் தாங்கியில் டப்லெட்.
அதுக்குக் கீழே என்ர பிரெட்போர்ட்.
திரையில் ஒரு கை வருகுது,
கண்ணாடி மாதிரி, நகத்தில் அழுக்கில்லாமல்,
றெசிஸ்டரை இரு விரலால் தூக்கிப்
பதினேழாம் வரிசையில் குத்திக் காட்டுகுது.
அதுக்குள்ள என்ர கையை விடவேணும்,
ஆரோ கழற்றிப்போட்ட கையுறைக்குள்ள விடுகிற மாதிரி.
பொருந்தினால் பச்சை.
நடுங்கினால் செம்மஞ்சள்.

முதல் கிழமை முழுக்க நான் செம்மஞ்சள்.

கஸ்தூரியார் வீதிக் கடையில் ஆறு வருஷம்
போன் வித்தனான். பழுதானதை
உறையில் போட்டு, பேரெழுதி, கொழும்புக்கு அனுப்பினனான்.
உள்ளுக்குள்ள என்ன கிடக்கு எண்டு
ஒருநாளும் திறந்து பார்க்கேல்லை.
"உங்களுக்குத் திருத்தத் தெரியாதா?" எண்டு கேட்ட
ஏ.எல். பெடியன் ஒருத்தனுக்கு
"பாட்ஸ் வரேல்லை" எண்டு சொன்னனான்.
அந்தப் பொய்தான் என்னை இங்க கொண்டுவந்தது எண்டு
விண்ணப்பத்தில் எழுதேல்லை.

பற்றறியைக் கொழுவினதும்
வயர் மேல் நீலப் புள்ளிகள் ஊரத் தொடங்கும்.
அதுதானாம் கரண்ட்.
றெசிஸ்டருக்குக் கிட்ட வந்ததும் நெருக்குப்படும்,
கொக்குவில் ரயில் கடவை பூட்டினதும்
சைக்கிளெல்லாம் சில்லுக்குள் சில்லுச் செருகி நிக்கிற மாதிரி.
பிறகு ஒவ்வொண்டாய் அந்தப் பக்கம்.
எல்.ஈ.டி. பத்தும்.
பாசையூர் மெல்சியா கை தட்டுவாள்.
அவளுக்கு எது பத்தினாலும் கைதட்டு.

செயலி பேசுகிற தமிழ் எங்கட தமிழில்லை.
"தயவுசெய்து துருவமுனைப்பைச் சரிபார்க்கவும்."
சயூரன் சேர் — என்னிலும் பதினொரு வயசு குறைவு —
அதை மொழிபெயர்ப்பார்:
"மாறிக் கொழுவிப்போட்டியள், அக்கா."

திரையில் கப்பாசிற்றரை மாறிப் பூட்டினால்
சின்னதாய் ஒரு புகை. மணமில்லாத புகை.
மீண்டும் முயல்க.
மூண்டாம் கிழமை மெய்யான ஒண்டை மாறிப் பூட்டினன்.
பட்டெண்டு வெடிச்சுது.
என்ர வயசுக்காரர் ரெண்டு பேர் மேசைக்குக் கீழ குனிஞ்சிட்டினம்.
நானும்.
சின்னனுகள் சிரிச்சதுகள்.
மெல்சியா மூக்கைச் சுருக்கி,
"கருவாடு நாறுது" எண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஒரு ஷொப்பிங் பைக்குள்ள
தமையன்ர வள்ளத்து மீன்காட்டிப் பெட்டியைக் கொண்டுவந்தாள்.
திறந்தம்.
செம்பெல்லாம் பச்சை. உப்பு
கால்களைத் திண்டு, திண்ட இடத்திலேயே பூத்துக் கிடந்தது.
டப்லெட்டை மேல பிடிச்சம்.
வட்டம் சுத்திச்சு, சுத்திச்சு.
"பலகை அடையாளம் காணப்படவில்லை.
வெளிச்சத்தைக் கூட்டவும்."
கூட்டினம்.
கை வரேல்லை.

ஒரு நிமிஷம் மூண்டு பேரும்
அது வருமெண்டு பார்த்துக்கொண்டே நிண்டம்.

பிறகு திரையை அணைச்சு
ரோச்சை மட்டும் எரியவிட்டம்.
பழைய பல் பிரஷ். ஸ்பிரிட்டு.
பச்சை கரைஞ்சு பஞ்சில் வந்தது.
மல்டிமீற்றரின்ர ரெண்டு ஊசியையும் நான் பிடிச்சன்.
இங்க கூவுது. இங்கயும் கூவுது.
இந்த வளைவில் இல்லை.
நீலமும் இல்லை, புள்ளியும் இல்லை,
எண்டாலும் அந்த வளைவுக்கு இங்கால
சைக்கிள்கள் மணியடிச்சுக்கொண்டு நிக்கிறது
எனக்குத் தெரிஞ்சுது.

அறுந்த இடத்தில் மயிர் மாதிரி ஒரு வயர் வைச்சு
ஈயம் விட்டன். கை நடுங்கிச்சு.
செம்மஞ்சள் எண்டு சொல்ல அங்க ஆருமில்லை.
சுட்டுவிரலில் ஒரு சொட்டு விழுந்தது.
உதறேல்லை; உதறினால் வயர் அசைஞ்சிருக்கும்.

பெட்டி பத்திச்சு.
ஆழம் எண்டு எழுதி, பக்கத்தில் மூண்டு கோடு.
கீழ தண்ணியில்லை, மேசைதான்;
அது வேற என்னத்தைக் காட்டும்.

மெல்சியா இந்தமுறை கை தட்டேல்லை.
போனை எடுத்துக்கொண்டு வெளியால போனாள்.
ஞாயிறு வள்ளம் இறங்காது.
திங்கள் விடியத்தான் தெரியும்.
விரலை நான்
பஸ் ஜன்னலுக்கு வெளிய, காத்தில் பிடிச்சுக்கொண்டு போனன்.